மூச்சுக்குள் அடங்கும் பாட்டு

காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலில், திரைலோக்கியநாதர் சந்நிதியில் தோத்திரம் பாட ஆசைப்பட்டு வரும் பிள்ளைகளுக்கு நான் எடுத்த எடுப்பில் புத்தகம் கொடுப்பதில்லை. பஞ்ச நமஸ்காரத்தைச் சொல்லச் சொல்வேன். ஐந்து வரி, 35 எழுத்து: 7, 5, 7, 7, கடைசி வரிக்கு 9. நாலாவது வரி முடியும்போதே ஐந்தாவதுக்கான மூச்சு உள்ளே இருக்க வேண்டும். உலகத்துச் சாதுக்கள் எல்லாரையும் வணங்கும் அந்த இடத்தில்தான் பலருக்குக் குரல் தேய்ந்துபோகிறது. வணக்கம் முழுசாகப் போய்ச் சேர வேண்டாமா?

அது சரியான பிறகு பக்தாமரம். மானதுங்கர் செய்தது, நம் திகம்பர வழியில் 48 பாட்டு. வசந்ததிலக விருத்தம், அடிக்கு 14 எழுத்து. எனக்குச் சொல்லிக்கொடுத்த உபாத்தியாயர் கையைத் தொடையில் வைத்துக்கொள்வார். நெட்டோசைக்கு உள்ளங்கை விழும், குற்றோசைக்கு விரல்நுனி. முதல் இரண்டும் நெட்டோசை. ஐந்து, ஆறு, ஏழு மூன்றும் தொடர்ந்து குற்றோசை. அங்கே எல்லாரும் ஓடுவார்கள். அவர் கை மட்டும் ஓடாது, அதே நிதானத்தில் விரல் தட்டும். எட்டாம் எழுத்தில் உள்ளங்கை விழுந்ததும் ஒரு நொடி தங்கி, பிறகுதான் மிச்சம் ஆறு. பாட்டை நிறுத்தித் திட்டியதே கிடையாது. பிசகினால் கை நின்றுவிடும், அவ்வளவுதான். நாம் மறுபடி முதலடிக்குப் போக வேண்டும்.

தமிழ் எழுத்தில் எழுதிய நோட்டை நம்பி வடமொழித் தோத்திரம் பழகாதீர்கள். நான்கு ககரத்துக்கும் நோட்டில் ஒரே எழுத்துதான் இருக்கும். எது வல்லோசை, எது மூச்சு கலந்தது என்பதைச் சொல்பவர் எதிரே உட்கார்ந்து கேட்டுத்தான் பிடிக்க முடியும். செல்போனில் பதிந்து கேட்பது நினைவுக்கு உதவும், வாயைத் திருத்தாது.

விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-88இல் இங்கே கட்டிய சங்கீத மண்டபத்தில் பாடும்போது வேகத்தை இன்னும் குறையுங்கள். கல் மண்டபம் ஒலியைச் சட்டென்று விடாது. முந்தின சொல் அடங்குமுன் அடுத்ததைப் போட்டால் இரண்டும் கெடும். உடுத்தி வருவதிலும் கவனம் வேண்டும். காஞ்சிபுரம் பட்டுக்குப் பேர்போன ஊர்தான். ஆனாலும் கூட்டோடு புழுவை வேகவைத்து எடுக்கும் நூல் என்பதால் உபாத்தியாயர் பருத்தி வேட்டியோடுதான் சந்நிதிக்கு வருவார். நானும் அப்படியே.

மண்டப விதானத்து ஓவியங்களில் நேமிநாதர் கதையும் உண்டு. அதன் கீழே பாட எனக்கு மிகவும் பிடித்தது, மயிலாப்பூர் நேமிநாதர் மேல் அவிரோதியாழ்வார் பாடிய திருநூற்றந்தாதி. கட்டளைக் கலித்துறை. ஒற்றை நீக்கி எண்ணினால் நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. ஒரு மாணவி 18 வருகிறதே என்று விரலை விரித்துக்கொண்டு நின்றாள். அடியின் கடைசியில் குற்றியலுகரம், அடுத்த அடி உயிரெழுத்தில் தொடக்கம். இரண்டையும் சேர்த்துப் பாடு என்றேன். உகரம் ஒழிந்தது, கணக்கும் சரியானது. புலவர் அடி முடிவில் மூச்சுவிட இடம் வைக்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. எங்கே மூச்சு வாங்குவது என்று யாப்பே சொல்லும். அதைக் கேட்கப் பழகுவதற்குத்தான் வருஷங்கள் ஆகின்றன.

அந்தாதியில் பாட்டு மறந்தால் பதறாதீர்கள். பாடி முடித்த கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை இழுத்துச் சொல்லுங்கள், அடுத்த பாட்டு அதிலிருந்து எழும். தறியில் பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாக முடிவதைப் பார்த்திருப்பீர்களே, அந்தப் பொறுமை வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு பாட்டுக்கு மேல் நான் ஏற்றுவதில்லை. நேற்றுப் பாட்டின் கடைசி அடியிலிருந்துதான் இன்றைக்குத் தொடங்குவோம்.

பக்தாமரம் சொல்லும் பிள்ளைகள் எனக்குக் கிடைத்துவிடுகிறார்கள். நூறு பாட்டும் வாயில் நிற்கும் அளவுக்கு அந்தாதியைப் பழகத்தான் ஆள் வேண்டும். குரல் இனிமையாக இல்லையே என்று தயங்குபவர்களும் வரலாம். காலையில், அபிஷேகத்துக்கு முன்னால், வெறும் வயிற்றோடு வாருங்கள்.