ஈஃபிலை விடுங்க... ஊசியை எடுங்க!

பாரிஸ் போய்ட்டு வந்தேன்னு சொன்னா, கேன்டீன்ல எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, “ஈஃபில் டவர் முன்னாடி போட்டோ எடுத்தியா மச்சி?” என்பதுதான். எடுத்தேன் பாஸ். எல்லாரும் எடுக்கிற அதே போட்டோ. ஆனா, இந்தக் கட்டுரையில் அந்த டவர் வராது. ஒரு பொம்மைக்கு பாலே டிரெஸ் தைக்கப்போய், பாரிஸின் சில தெருக்களில் சுற்றின கதை இது.

முதல்ல சின்னதா ஒரு இன்ட்ரோ. நான் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. பாரிஸுக்குப் பக்கத்தில் ஒரு லேபில் எட்டு வாரம் இன்டர்ன்ஷிப். சொந்த ஊர் கோபிசெட்டிபாளையம். அம்மா டெய்லர். ஜாக்கெட், சுடிதார், ஸ்கூல் யூனிஃபார்ம் எல்லாம் தைப்பாங்க. என் செமஸ்டர் ஃபீஸில் பாதி அந்த மிஷின் பெடலில் இருந்து வந்ததுதான்.

அக்கா பொண்ணு யாழினி யு.கே.ஜி. நான் கிளம்பும்போது அவளோட பொம்மையை என் பையில் திணிச்சு, “மாமா, இதுக்கு டான்ஸ் அக்கா டிரெஸ் வாங்கிட்டு வரணும்” என்று ஆர்டர் போட்டுட்டா. டி.வி-யில் பாலே பார்த்த எஃபெக்ட். பாரிஸ் பொம்மைக் கடையில் விலை கேட்டால், பொம்மையைவிட அதன் டிரெஸ் விலை ஜாஸ்தி! அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன்.

“ஏங் கண்ணு, டெய்லர் வூட்டுப் பையன் பொம்மைக்கு ரெடிமேட் வாங்குவியா? துணி எடு. நாஞ் சொல்றேன், நீயே தை.”

மேலிடத்து உத்தரவு. மீற முடியுமா?

குன்று அடிவாரத்தில் கட் பீஸ் கடல்

பாரிஸில் துணி எங்கே கிடைக்கும் என்று கேட்டால், எல்லா விரலும் வடக்கே மோன்மார்த்ர் குன்றைக் காட்டும். மெட்ரோவில் ஆன்வேர் ஸ்டேஷனில் இறங்கணும். எல்லா டூரிஸ்ட்டும் மேலே வெள்ளை வெளேர்னு நிற்கிற சாக்ரே கேர் தேவாலயத்தைப் பார்த்து ஏறுவாங்க. நீங்க அடிவாரத்திலேயே வலது பக்கம் திரும்பிடுங்க. அதுதான் மார்ஷே சேன் பியேர். தெரு முழுக்கத் துணிக்கடை. ட்ரேஃபுஸ் என்ற கடை மட்டுமே பல மாடி. வெளியே மேஜை போட்டுத் துணியைக் கொட்டி வெச்சிருக்காங்க. நம்ம ஊர் ஆடித் தள்ளுபடி ஞாபகம் வந்துடுச்சு!

இங்கே ‘கூப்பான்’ என்று ஒரு சமாசாரம் உண்டு. பெரிய துணி ரோல்களில் மிஞ்சினதை, பெரும்பாலும் 3 மீட்டர் துண்டாக வெட்டி, கட்டு விலைக்கு விற்கிறாங்க. அதாவது, நம்ம கட் பீஸ்! ஃபேஷன் தலைநகரமே ஆனாலும், கட் பீஸ் இல்லாமல் ஊர் கிடையாது என்பது அன்றைய தத்துவம்.

எனக்கு வேண்டியது நெட் துணி. பாலே டான்ஸர்கள் போடும் பாவாடைக்குப் பெயர் ‘டுட்டு’. இரண்டு வகை முக்கியம். முட்டிக்குக் கீழே வரை மேகம் மாதிரி தொங்குவது ஒண்ணு. 1832-ல் பாரிஸில் ‘லா சில்ஃபீட்’ பாலேவில் மரி தாக்லியோனி ஆடியபோது பிரபலமானது. இன்னொண்ணு, இடுப்பைச் சுற்றித் தட்டு மாதிரி விறைப்பாக நிற்பது. பிற்பாடு வந்த ஸ்டைல். யாழினி கேட்டது தட்டு!

இந்த மெல்லிய துணிக்குப் பின்னால் ஒரு சோகம் இருக்கு. அந்தக் காலத்தில் மேடைக்கு வெளிச்சம் கேஸ் விளக்குகள். 1862-ல் பாரிஸ் ஆபராவில் ஒரு ரிகர்சல். எம்மா லிவ்ரி என்ற டான்ஸரின் பாவாடையில் விளக்குத் தீ பற்றிக்கொண்டது. தீப்பிடிக்காமல் இருக்க, துணியைப் படிகாரம் போன்ற உப்புக் கரைசலில் நனைக்கும் முறை அப்பவே இருந்தது. ஆனா, நனைத்தால் துணி விறைச்சு, நிறம் மங்கிடும். அதனால், அவர் அதை விரும்பவில்லை. மாதக்கணக்கில் போராடி, 1863-ல் இறந்துபோனார். வயசு 20. என் வயசு. எரிந்ததில் மிச்சமான அவரது உடைத் துண்டுகளை ஆபராவின் மியூசியத்தில் பாதுகாக்கிறாங்க. நெட் துணியை விரலில் தேய்ச்சுப் பார்த்தபோது அந்தக் கதைதான் மனசில் ஓடியது.

தலைகீழ் பஃப் கை!

ஹாஸ்டல் ரூம். மிஷின் கிடையாது. ஊசி, நூல், கத்திரி, ஸ்க்ரீனில் அம்மா. அவங்க வாழ்க்கையில் பாலே பார்த்ததே இல்லை. நான் அனுப்பின டுட்டு போட்டோவை ஜூம் பண்ணிப் பார்த்துட்டு, அரை நிமிஷத்தில் தீர்ப்பு சொன்னாங்க. “இது ஒண்ணுமில்ல சாமி. பேபி ஃபிராக்குக்கு ஃப்ரில் வெப்பமில்ல, அதையே அடுக்கடுக்கா ஜட்டி மேல வெச்சிருக்கான். தலைகீழா புடிச்சா பஃப் கை.”

கரெக்ட்! நிஜ டுட்டுவும் அப்படித்தான். உள்ளே ஒரு ஜட்டி. அதன் மேல் வரிசை வரிசையாக நெட் ஃப்ரில். கீழ் வரிசை குட்டை, மேலே போகப் போக நீளம். கீழே இருக்கிற அடுக்குகள்தான் மேல் அடுக்கைத் தாங்கும். மேலே இடுப்பைப் பிடிக்க ஒரு பட்டை. அடுக்குகள் பிரிந்து பறக்காமல் இருக்க நடுநடுவே தளர்வான தையல். பெரிய மேடை டுட்டுவுக்குப் பத்துப் பன்னிரண்டு அடுக்குகூட வேணும்.

பொம்மைக்கு எத்தனை? இங்கேதான் நம்ம சப்ஜெக்ட் வருது மக்களே. செகண்ட் இயர் ‘ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்’ ஞாபகம் இருக்கா? கேன்டிலீவர் பீம் தன் எடையாலேயே வளையும் ஃபார்முலா? இடுப்பில் தைச்ச நெட் துணியும் ஒரு கேன்டிலீவர்தான். ஒரு முனை ஃபிக்ஸட், மறு முனை ஃப்ரீ. அதே துணியை வெச்சு நீளத்தை மட்டும் குறைச்சா, நீளத்தோடு ஒப்பிடும்போது எவ்வளவு தொங்கும் என்பது நீளத்தின் மூன்றாம் அடுக்குப்படி குறையும். என் பொம்மை 30 சென்டிமீட்டர். ஆளில் சுமாராக ஆறில் ஒரு பங்கு. அப்போ தொங்கல்? 6 x 6 x 6... 216-ல் ஒரு பங்கு!

அதாவது, ஆளுக்குப் பன்னிரண்டு அடுக்கு போட்டு நிமிர்த்த வேண்டிய தட்டு, பொம்மைக்கு மூணே அடுக்கில் தானாக நிற்கும். அதுவே, மேகம் மாதிரி தொங்கும் வகை என்றால் திண்டாட்டம். துணி தொங்கவே தொங்காது, குடை மாதிரி விரிச்சுக்கிட்டு நிற்கும். துணிக்குத் தான் பொம்மைக்குப் போகிறோம் என்பது தெரியாதே! ஆளைச் சின்னதாக்கலாம், நூலைச் சின்னதாக்க முடியாது. நெட்டின் ஓட்டையும் அதே சைஸ்தான். நமக்குக் கொசுவலை, பொம்மைக்கு மீன்வலை. அதனால்தான் கல்யாண முக்காட்டுக்கு எடுக்கிற ரொம்ப நைஸான நெட்டாகத் தேடி வாங்கினேன்.

இதையெல்லாம் ஃபார்முலாவோடு விளக்கினேன். அம்மா பொறுமையாகக் கேட்டுட்டு, “அதான் கொழந்தை துணிக்கு கஞ்சி வேண்டாம்பேன்” என்று முடிச்சுட்டாங்க. நாலு செமஸ்டர் படிச்சது அவங்களுக்கு ஒரே வரி!

மத்த ரூல்ஸும் அவங்களுதுதான். நெட் பிசிறு வராது, அதனால் ஓரம் மடிக்காதே. மடிச்சா பொம்மை இடுப்பில் கட்டை மாதிரி நிற்கும். இடுப்பு 9 சென்டிமீட்டர் என்றால், ஃப்ரில்லுக்கு 60 சென்டிமீட்டர் எடு. சுருக்கம் இழுக்க ஒரு ஓட்டுத் தையல் போதாது, பக்கத்திலேயே இன்னொண்ணு ஓட்டு. பொம்மைக் கை மடங்காது, பின்பக்கம் முழுசாகத் திறந்து டிச் பட்டன் வை. ஊக்கு வேண்டாம், யாழினி குத்திக்குவா. மூணு ராத்திரி, நாலு விரல் குத்து. டுட்டு ரெடி!

டெய்லர் பொண்ணு

மார்ஷே சேன் பியேரில் இருந்து கீழே பத்துப் பதினைந்து நிமிஷம் நடந்தால் பிகால் ஏரியா. அங்கே ரூ த தூவே என்று ஒரு தெரு. இப்போ கிட்டார் கடைகளுக்குப் பேர் போனது. கண்ணாடிக்குப் பின்னால் எலெக்ட்ரிக் கிட்டாராகத் தொங்குது. நம்ம காலேஜ் பேண்டு பசங்க வந்தால் நகரவே மாட்டாங்க. நான் தேடிப் போனது கிட்டார் இல்லை, 36-ம் நம்பர் வீடு.

1870-களின் கடைசியில் அந்த முகவரியில் குடியிருந்தவள் மரி வான் கோத்தெம். 1865-ல் பிறந்தவள். பிழைப்புக்காக பெல்ஜியத்தில் இருந்து பாரிஸ் வந்த குடும்பம். அம்மா சலவைத் தொழிலாளி. அப்பா... டெய்லர்!

1878-ல் மரி ஆபராவின் நாட்டியப் பள்ளியில் சேர்ந்தாள். இப்படிச் சேரும் ஏழைப் பிள்ளைகளை ‘குட்டி எலிகள்’ என்று கூப்பிடுவது பாரிஸ் வழக்கம். அதே ஏரியாவில் இருந்த ஓவியர் எட்கர் தெகா அவளை மாடலாக நிற்கவெச்சு வரைந்தார். பிறகு, மெழுகில் ஒரு சிலை செய்தார். பெயர், ‘பதினான்கு வயது குட்டி நாட்டியக்காரி’. உயரம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. கம்பிச் சட்டத்தின் மேல் மெழுகு. பிற்காலத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், உள்ளே பழைய பெயின்ட் பிரஷ்களைச் சொருகித் தாங்குகொடுத்திருக்கார் மனுஷன். இன்ஜினீயரிங் புராஜெக்ட்டுக்கு நாம பண்ற வேலைதான்!

விஷயம் அதில்லை. அந்தச் சிலைக்கு நிஜத் துணியில் மேல்சட்டை, நிஜ டுட்டு, நிஜ பாலே ஷூ, நிஜ முடியில் விக், சாட்டின் ரிப்பன். 1881-ல் கண்ணாடிப் பெட்டிக்குள் காட்சிக்கு வெச்சபோது, பல விமர்சகர்கள் பொரிந்து தள்ளிட்டாங்க. குரங்கு மாதிரி இருக்கா, அசிங்கம், சிலைக்குத் துணி மாட்டினால் பொம்மை இல்லையா என்றெல்லாம் எழுதினாங்க. இன்றைக்கு உலகத்தின் மிகப் பிரபலமான சிலைகளில் அது ஒண்ணு.

மரிக்கு என்ன ஆச்சு? 1882-ல் வகுப்புகளுக்கு வரவில்லை என்று ஆபரா அவளை நீக்கிட்டது. அட்டென்டன்ஸ் ஷார்ட்டேஜ்! நம்ம காலேஜ்ல ‘கண்டோனேஷன்’ ஃபீஸ் கட்டித் தப்பிச்சுக்கலாம். அவளுக்கு அது இல்லை. அதோடு அவள் தடம் மறைஞ்சுபோகுது. சிலைக்கு உலகம் முழுக்க முகவரி இருக்கு. நின்ன பொண்ணுக்கு இந்த 36-ம் நம்பர்தான்.

அன்றைக்கு ராத்திரி அம்மாகிட்ட கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் கேட்டாங்க.

“அந்தப் புள்ளையோட அப்பன் டெய்லராமா? அப்ப அந்தப் பாவாடையை யார் தச்சது கண்ணு?”

தெகாவைப் பற்றிப் படிச்ச பத்துக் கட்டுரைகளில் ஒருத்தர்கூட எழுப்பாத கேள்வி. கேட்க ஒரு டெய்லர் வேண்டியிருக்கு.

ஸ்டேஷனுக்குள் ஒரு பாவாடை

அடுத்த நாள் ஞாயிறு. செய்ன் நதிக்கரையில் இருக்கும் ஓர்சே மியூசியம். 1900-ல் ரயில்வே ஸ்டேஷனாகத் திறந்த கட்டடம், 1986-ல் மியூசியம் ஆனது. உள்ளே ராட்சசக் கடிகாரம் இன்னும் இருக்கு.

தெகா 1917-ல் இறந்த பிறகு, மெழுகுச் சிலையில் இருந்து வெண்கலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட நகல்கள் வார்த்தாங்க. மெழுகு ஒரிஜினல் அமெரிக்காவில், வாஷிங்டன் நேஷனல் கேலரியில். ஓர்சேயில் இருப்பது ஒரு வெண்கல நகல். தாடையைத் தூக்கி, கைகளைப் பின்னால் கோத்து, ஒரு காலை முன்னால் வெச்சு நிற்கிறாள். சட்டை, ஷூ எல்லாம் வெண்கலம் ஆயிடுச்சு. பாவாடையும் ரிப்பனும் மட்டும் இப்பவும் துணி.

சுற்றி நின்னவங்க முகத்தைப் பார்த்தாங்க. நான் குனிஞ்சு பாவாடை இடுப்பைப் பார்த்தேன். வெண்கலத்துக்குக் களிம்பு பிடிக்கலாமே தவிர, நூறு வருஷம் ஒண்ணும் ஆகாது. துணி அப்படி இல்லை. வெளிச்சத்தில் வெளுக்கும், தூசியில் நைந்துபோகும். அதனால் இந்தச் சிலைகளுக்கு அவ்வப்போது புதுப் பாவாடை தைச்சுக்கிட்டே இருக்கணும். ஒவ்வொரு ஊர் மியூசியத்திலும் நீளம், நிறம் ஒவ்வொரு மாதிரி. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியம் 2018-ல் தன் சிலைக்குப் புது டுட்டு மாட்டியது. பழைய டுட்டுகள் எப்படி இருந்தன என்று ஆராய்ச்சி பண்ணித் தைச்சதாம்.

சிலையை வார்த்த பட்டறையின் பெயர் வெண்கலத்தில் முத்திரையாக இருக்கும். தெகா கையெழுத்தும் இருக்கும். பாவாடை தைச்சவங்க பெயர் எங்கேயும் இருக்காது. யோசிச்சா, நான் போட்டிருந்த சட்டையிலும் கடை பேர்தான் இருந்தது.

அம்மாவுக்கு அந்தப் பாவாடை போட்டோவை அனுப்பினேன். “நூறு வருஷமா மாத்தி மாத்தித் தைக்கிறாங்கம்மா” என்றேன். “துணின்னா அப்படித்தான் சாமி. தச்சுட்டே இருந்தாத்தான் இருக்கும்” என்றார்கள். வேலை கிடைச்சதும் உன்னை மிஷினில் உட்காரவிட மாட்டேன் என்று நான் அடிக்கடி டயலாக் விடுவேன். அதை அன்றைக்குச் சொல்லலை. பதிலுக்கு, டுட்டுவின் உள்பக்கத் தையலைத் திருப்பி கேமராவில் காட்டினேன். டெய்லர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். “பாஸு” என்றார்கள். இன்டர்ன்ஷிப் சர்ட்டிஃபிகேட்டைவிட ஸ்ட்ராங்கான கிரேடு!

ஊருக்கு வந்ததும் பாவாடை பட்டையின் உள்ளே, சிவப்பு நூலில் ஆங்கில ‘எஸ்’ போட்டேன். சரஸ்வதி டெய்லர்ஸ்.

போகப்போறீங்களா? சில டிப்ஸ்:

* ஓர்சே மியூசியம் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். ஆன்லைனில் முன்கூட்டியே நேரம் பதிவு பண்ணிடுங்க. திங்கள் லீவு.

* துணிக் கடைகளுக்குச் சனிக்கிழமை போங்க. ஞாயிறு பல கடைகள் மூடியிருக்கும்.

* கூப்பான் வாங்கும்போது துணியை விரிச்சு, ஓட்டை இருக்கா என்று வெளிச்சத்தில் பாருங்க.

* பாரிஸ் பட்ஜெட்டில் இல்லையா? அரை மீட்டர் நெட், ஒரு டிச் பட்டன், ஒரு குட்டிப் பொம்மை... உங்க தெரு டெய்லர் அக்காகிட்ட போய் உட்காருங்க. பஃப் கையைத் தலைகீழா வைக்கச் சொல்லுங்க. அவங்களுக்குப் புரிஞ்சிடும்.