நாலு முட்டை போதுமா?

கல்யாணமாகி ஆறு வருஷம். ஊருக்குப் போனா "ஏதாவது விசேஷமா?"ங்கிற கேள்வி பழகிடுச்சு. வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டுதல் பாக்கி இருக்கு. ராமானுஜர் பிறந்த ஊர் எங்க ஸ்ரீபெரும்புதூர். அவரைப் பெத்தவங்களும் ரொம்ப நாள் பிள்ளையில்லாம, திருவல்லிக்கேணியில யாகம் பண்ணின பிறகுதான் அவர் பிறந்தார்னு சொல்வாங்க. ஆக, இந்த ஊருக்கு எங்க கவலை புதுசு இல்ல :-)

எனக்கு ஒரகடத்துல உதிரிபாகக் கம்பெனியில ஷிஃப்ட் வேலை. தங்கமணிக்கு சுங்குவார்சத்திரம் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி. போன வருஷம் முதல் ஐ.வி.எஃப். பண்ணினோம். பத்து நாளுக்கு மேல தினமும் ஊசி. நைட் ஷிஃப்டுன்னா, கம்பெனி பஸ் வர்றதுக்கு முன்னாடி ஃபிரிட்ஜ்லேர்ந்து எடுத்து நானே அவ வயித்துல போட்டுட்டு ஓடுவேன். 23 கருமுட்டை கிடைச்சுதுன்னு சொன்னப்போ, டார்கெட்டைத் தாண்டின சூப்பர்வைசர் மாதிரி எனக்கு ஒரே சந்தோஷம்.

மூணாம் நாள் அவளுக்கு வயிறு வீங்கிடுச்சு. மூச்சு வாங்குது. சினைப்பையை அளவுக்கு மீறித் தூண்டினா ரத்தக்குழாய்லேர்ந்து நீர் கசிஞ்சு வயித்துல சேருமாம். நீர்க்கட்டி உள்ளவங்களுக்கு அந்த ஆபத்து அதிகமாம். அவளுக்கு அது உண்டு. அஞ்சு நாள் ஆஸ்பத்திரி, மூணு வாரச் சம்பளம் கட். அப்புறம் வச்ச கருவும் தங்கல.

"இன்னொரு தடவை என்னால முடியாதுங்க"ன்னா. நான் ஒண்ணும் பேசல.

வேற ஒரு டாக்டரம்மா குறைந்த தூண்டல் முறையைச் சொன்னாங்க. அஞ்சு நாள் லெட்ரோசோல் மாத்திரை, கூட கொஞ்சம் ஊசி. நாலஞ்சு முட்டை வந்தா போதும். எனக்கு நம்பிக்கையே வரல. 23ல நடக்காதது நாலுலயா நடக்கும்?

அப்புறம்தான் தேடிப் படிச்சேன். 1978ல பிறந்த முதல் சோதனைக்குழாய் குழந்தை லூயிஸ் பிரவுன், தூண்டலே இல்லாம இயற்கையா வந்த ஒரே முட்டையில உருவானவர். நெதர்லாந்துல 38 வயசுக்குக் கீழ் உள்ள 404 பெண்களை வச்சு நடந்த ஆய்வு 2007ல லான்செட்ல வந்தது. ஒரு பாதிக்கு மிதமான தூண்டல், ஒரு கரு. மறுபாதிக்கு வழக்கமான தூண்டல், ரெண்டு கரு. ஒரு வருஷ முடிவில் நிறைமாதக் குழந்தை பெற்றவர்கள் 43.4 சதவீதம், 44.7 சதவீதம். கிட்டத்தட்ட சமம்! ஒண்ணுக்கு மேற்பட்ட கரு தங்கினது 0.5, 13.1; ஒரே கரு வச்சதோட பலன் அது.

ஆனா ஒரு விஷயம். மிதமான முறையில ஒவ்வொரு தடவைக்குமான வாய்ப்பு குறைவுதான். அதிக தடவை முயற்சி பண்ணித்தான் அவங்க சமமா வந்தாங்க. முட்டை குறைஞ்சா, உறைய வைக்க மிச்சக் கருவும் குறையும். தூண்டலே இல்லாத இயற்கை முறையைத் தர வேண்டாம்னே பிரிட்டனோட நைஸ் அமைப்பு 2013ல சொல்லிடுச்சு. முட்டையை முதிர வைக்கிற கடைசி ஊசியை மாத்தியும், கருவை உடனே வைக்காம உறைய வச்சும் வழக்கமான முறையிலயே அந்த வீக்கத்தைப் பெருமளவு தவிர்க்க முடியுதாம். இதையெல்லாம் முதல்லயே கேட்டிருக்கணும். எத்தனை முட்டைன்னு மட்டும்தான் கேட்டேன்.

எங்களுக்கு நாலு முட்டை, ரெண்டு கரு. ஒண்ணு தங்கல. அன்னைக்கு ராத்திரி ரெண்டு பேரும் சாப்பிடல. ஆனா இந்தத் தடவை அவ லீவு போட்டது மூணே நாள். ரிசல்ட் வந்த மறுநாள் காலையில பஸ்ஸுக்குக் கிளம்பிக்கிட்டே, "இன்னொண்ணு இருக்குல்ல, அடுத்த மாசம் போலாம்"னா. முடியாதுன்னு சொன்ன அதே வாய்!

வாய்ப்பு எவ்வளவுன்னு இப்ப நான் கணக்குப் பார்க்கிறதில்ல. திரும்பப் போக அவளுக்குத் தெம்பு இருக்கு. எனக்கு அது போதும்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க. உங்க வயசு, முட்டை இருப்பு எல்லாம் வேற. "ஒரு தடவைக்கு எவ்வளவு வாய்ப்பு"ன்னு கேட்கும்போதே, "ஒரு வருஷத்துக்கு எவ்வளவு, அவ உடம்பு தாங்குமா"ன்னும் கேட்டுடுங்க.