எலுமிச்சம்பழமும் எடைக்கணக்கும்

வெளியே வெயில் வாட்டுகிறது. கடைக்குள் நுழைந்தால் தென்றல் தவழ்கிறது. பட்டைப் புரட்டுகிறோம், விலையைப் பேசுகிறோம், வெளியேறுகிறோம். அந்தத் தென்றலைச் செய்துதரும் இயந்திரம் மொட்டைமாடியில், கொளுத்தும் வெயிலில் நிற்கிறது என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? சிறகு முளைத்துப் பறந்துபோய் அது அங்கே அமரவில்லை. ஒருவர் பெல்ட்டைக் கட்டினார். ஒருவர் கிரேனை இயக்கினார். ஒருவர் மாடி விளிம்பில் நின்று அதை வாங்கி இறக்கினார். அந்த மூவர் உயிரும் எதை நம்பித் தொங்கிற்று?

நான் பணியாற்றும் பள்ளிக்கு எதிரே ஒரு துணிக்கடை. கோடை விடுமுறையில் ஒருநாள் அதன் மாடிக்குக் குளிரூட்டும் பெட்டி ஏற்றினார்கள். கிரேனின் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம், நெற்றியில் சந்தனம், குங்குமம், கழுத்தில் மாலை. பூசணிக்காய் உடைந்தது, சூடம் எரிந்தது. இராகுகாலம் பிறக்குமுன் ஏற்றிவிட வேண்டுமென்று முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். எல்லாம் வந்திருந்தன. வராதது ஒன்றே: பெட்டியின் எடை என்ன என்ற கேள்விக்கு விடை!

பெல்ட் கட்டிக்கொண்டிருந்தவர் என் மாணவன் ஒருவனின் தந்தை.

"அண்ணே, இது எவ்வளவு எடை?"

"இருபது டன் ஏசிங்க சார்."

"எடையே இருபது டன்னா?"

"அதெல்லாம் தெரியாதுங்க. சொன்னாங்க, கட்டுறோம். மேலே இருக்கிறவன் பாத்துக்குவான்."

அண்ணாந்து பார்த்தேன். மேலே இருந்தவர் அவருடைய மைத்துனர். மாடி விளிம்பில், இடுப்பில் ஒரு கயிறுகூட இல்லாமல்!

ஏசிக்கடையில் பேசப்படும் டன் எடையே அன்று. குளிர்விக்கும் ஆற்றலின் அளவு. பனிக்கட்டியை அடுக்கிக் குளிர் தேடிய காலத்தின் எச்சம் அந்தச் சொல். ஓர் அமெரிக்க டன், அதாவது ஏறக்குறைய 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அதே வேகத்தில் வெப்பத்தை அகற்றுவது ஒரு 'டன்' இயந்திரம். இருபது 'டன்' பெட்டியின் எடை ஒரு டன்னை ஒட்டி இருக்கலாம், கூடலாம், குறையலாம். தீர்ப்புச் சொல்ல வேண்டியது பெட்டியின் தகடும் உற்பத்தியாளர் தரும் தாளும். கண்மதிப்பு அன்று, கடவுள் மதிப்பும் அன்று.

எடை தெரிந்துவிட்டால் போதுமா? போதாது. 1000 கிலோவை இரண்டு பெல்ட்டுகள் தூக்கினால் ஒவ்வொன்றுக்கும் 500 என்று நாம் கணக்குப் போடுவோம். இரண்டும் நேர்குத்தாகத் தொங்கினால்தான் அந்தக் கணக்குச் சரி. கொக்கியிலிருந்து சரிந்து இறங்கும் பெல்ட், கிடைமட்டத்தோடு 60 பாகைக் கோணத்தில் இருந்தால் ஒவ்வொன்றிலும் 577 கிலோ இழுவை. 45 பாகையில் 707. 30 பாகையில் 1000! பெல்ட் குட்டையாக இருந்துவிட்டால் இரண்டில் ஒவ்வொன்றும் முழுச்சுமையைச் சுமந்து தவிக்கிறது. நான் கலை படித்தவன். எங்கள் கணித ஆசிரியர் கரும்பலகையில் இதைப் போட்டுக் காட்டினார். பத்தாம் வகுப்பு முக்கோணவியலுக்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

கிரேனின் கதையும் இதுவே. நெற்றியில் 14 டன் என்று எழுதியிருக்கும். அது கை குறுகியிருக்கும்போது தூக்கும் சுமை. கை நீள நீள வலிமை தேயும். எவ்வளவு தேயும் என்பதைச் சொல்லும் அட்டவணை ஓட்டுநர் அருகிலேயே இருக்க வேண்டும். அந்த இடத்தில் அன்று சாமிப்படம் இருந்தது.

பெட்டி ஏறிவிட்டது, ஒன்றும் நேரவில்லை. "பூசணிக்காய் காத்தது" என்றது தெரு. காத்தது பெல்ட்டின் நெசவில் மிச்சமிருந்த வலு. அதற்கு யாரும் சூடம் காட்டவில்லை!

மிச்சம் இல்லாத இடத்தில் என்ன ஆயிற்று? 2008 மார்ச் 15 அன்று நியூயார்க்கில், கோபுரக் கிரேனைக் கட்டடத்தோடு பிணைக்கும் எஃகு வளையத்தைப் பொருத்தும்போது, அதைத் தாங்கிய பெல்ட்டுகள் அறுந்தன. அவற்றுள் ஒன்று ஏற்கெனவே நைந்தது. வளையம் விழ, கிரேன் சரிந்தது; ஏழுபேர் மாண்டனர். 2015 மே 31 அன்று அதே நகரின் மாடிசன் அவென்யூவில் குளிரூட்டும் பெட்டியே கிரேனிலிருந்து கழன்று, இருபது மாடிக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து விழுந்தது. பத்துப்பேர் காயமுற்றனர், ஒருவரும் சாகவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை, தெருவை வண்டிகளுக்கு அடைத்துவிட்டு வேலை செய்தார்கள்.

அமெரிக்கா எதற்கு? 2023 ஜனவரியில் அரக்கோணத்தை அடுத்த கீழ்வீதியில், கோயில் திருவிழாவில் சாமிக்கு மாலை சூட்ட ஆட்களைச் சுமந்து நின்ற கிரேன் சாய்ந்து உயிர்கள் போயின. சாமி எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

பெல்ட் கட்டிய அந்தத் தோழரை ஏளனம் செய்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். அவர் அச்சம் உண்மையானது. தலைக்குமேல் ஒரு டன் இரும்பு ஆடும்போது எவர்தான் எதையேனும் பற்றிக்கொள்ள மாட்டார்? அவர் பற்றிக்கொள்ள வேண்டிய தாள் ஆங்கிலத்தில் அச்சாகி, மேலாளரின் மேசைக்குள் உறங்குகிறது. எலுமிச்சம்பழம் சில ரூபாய். நைந்த பெல்ட்டை வெட்டி எறிந்து புதிது வாங்கவும், அரைநாள் தெருவை அடைக்கவும் ஆகும் செலவு மிகுதி. பக்தி முதலாளிக்கு மலிவாகக் கிடைக்கும்போது பாதுகாப்பை அவர் ஏன் வாங்குவார்?

தோழர்களே, உங்கள் தெருவில் அடுத்த பெட்டி ஏறும்போது வேடிக்கை பார்க்க நிற்கும் கூட்டத்தைக் கயிறுக்கு அப்பால் நகர்த்துங்கள். பிறகு கேளுங்கள்: எடைத்தாள் எங்கே? பெல்ட்டில் தாங்குதிறன் சீட்டு இருக்கிறதா, கூர்விளிம்பில் உராயாமல் மெத்தை வைத்தார்களா? கிரேனின் கால்கள் கெட்டியான தரையிலா, கழிவுநீர்க் கால்வாயின் மூடிமேலா? ஒரு சாண் தூக்கி, நிறுத்தி, சாய்கிறதா என்று பார்த்தார்களா? காற்று வலுத்தால் இறக்குவார்களா?

அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதியில் ஒன்று என்னை மிகவும் கவர்ந்தது. கிரேனுக்குப் பொதுவாகச் சைகை காட்டுபவர் ஒருவரே. ஆனால் 'நிறுத்து' என்ற சைகையை மட்டும் யார் காட்டினாலும் ஓட்டுநர் கீழ்ப்படிந்தாக வேண்டும். காட்டியவர் பொறியாளரா, கூட்டிப் பெருக்குபவரா என்று பார்க்கக் கூடாது. இதை நம் ஊர்க் கிரேன் ஒவ்வொன்றின் நெற்றியிலும், சந்தனம் பூசும் அந்த இடத்திலேயே, தமிழில் எழுதி வைக்கச் சொல்லிக் கேட்போம்.