ஆடிக் காற்றில் அறுபது கிலோமீட்டர்

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பேருந்திலும் மோட்டார் சைக்கிளிலும் இவ்வழியை எத்தனையோ முறை கடந்திருக்கிறோம். சென்ற ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை மிதிவண்டியில் கடந்தபோதுதான், இவ்வழியில் காற்று என்று ஒன்று உண்டு என்பதை அறிந்தோம்.

இப்பயணத்திற்குக் காரணம் ஒரு தாய். நம் பங்கைச் சேர்ந்த அந்த அம்மையாரின் மகன் டிரையத்லான் என்னும் போட்டிக்குப் பயிற்சி செய்து வருகிறான். "விடியுமுன்னே கிளம்பி நூறு கிலோமீட்டர் சைக்கிளில் போகிறேன் என்கிறான், சாமி. லாரி போகிற ரோடு. ஒரு தடவை நீங்களும் கூடப் போய் வாருங்களேன்" என்று அவர் கேட்டபோது மறுக்க மனம் வரவில்லை. ஐம்பதைத் தாண்டிய நமக்கு நூறு ஆகாது. மாமல்லபுரம் வரை போய்த் திரும்புவது என்று ஒப்புக்கொண்டோம். மறுநாள் ஞாயிறு. திருப்பலிக்கு நிற்கக் கால் வேண்டுமல்லவா?

டிரையத்லான் என்பது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடைவிடாது ஒன்றன்பின் ஒன்றாக முடிக்கும் போட்டி. 1974இல் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் இப்பெயரில் நடந்தது. 2000ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக்கிலும் இடம் பெற்றது. இப்பிள்ளை முயல்வது 1.9 கிலோமீட்டர் நீச்சலும், 90 கிலோமீட்டர் சைக்கிளும், 21.1 கிலோமீட்டர் ஓட்டமும் கொண்ட நெடும் போட்டி. கோவாவில் 2019இல் இத்தொலைவுப் போட்டி நடந்ததிலிருந்து நம் இளைஞர் பலருக்கு இந்த ஆசை பிறந்திருக்கிறது.

"சைக்கிள் நடுவில் வருகிறது, சாமி. இறங்கியபின் ஓட வேண்டும். அதற்குக் காலில் பலத்தை மீதம் வைக்கத் தெரிந்தவனே கெட்டிக்காரன்" என்று அவனே நமக்கு விளக்கினான். நல்ல பாடம். ஆனால் பாடம் சொல்வது வேறு, கற்பது வேறு. இது போதிக்கும் தொழிலில் இருக்கும் நமக்கும் பொருந்தும்.

காலை 5 மணிக்குப் புறப்பட்டோம். இருளில் வயல்களும் ஏரிக்கரைகளும் மெல்லத் துலங்கின. திருக்கழுக்குன்றத்தை அடைந்தபோது வேதகிரி மலைமேல் முதல் வெளிச்சம் பட்டது. நண்பகலில் இம்மலைக்கு வந்து சோறுண்டு போன கழுகுகளால் இவ்வூர் பட்சி தீர்த்தம் என்று பெயர் பெற்றது. இப்போது அவை வருவதில்லை. மலையிலுள்ள ஒருகல் மண்டபத்தில், 17ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்தில் வாணிபம் செய்த டச்சுக்காரர்கள் தம் பெயர்களைச் செதுக்கிவிட்டுச் சென்றிருக்கிறார்கள். பயணம் போன இடத்தில் பெயரைக் கிறுக்கும் பழக்கம் நம் மாணவர்களோடு தொடங்கியதன்று போலும்!

கடையொன்றில் நாம் நான்கு இட்டலி உண்டோம். பிள்ளையோ எதையும் தொடவில்லை. "இன்றைக்குக் கால் பறக்கிறது, சாமி. வயிறு கனத்தால் வேகம் குறையும்" என்றான். கோவளம் வரை போய்த் திரும்பி, எட்டு மணிக்கு மாமல்லபுரத்தில் நம்மைச் சந்திப்பதாகக் கூறிவிட்டுக் கண் மறைந்தான்.

நம்முடைய பழைய வண்டியும் அன்று அதிசயமாக ஓடியது. கேரியரில் வாழைப்பழச் சீப்பும், கடலை மிட்டாயும், இரண்டு புட்டித் தண்ணீரும் இருந்தும் சுமை தெரியவில்லை. இந்த வயதிலும் நமக்கு இவ்வளவு வலுவா என்று உள்ளூர மகிழ்ந்ததை மறைப்பானேன்? பக்கிங்ஹாம் கால்வாயைக் கடந்து மாமல்லபுரத்தில் இறங்கும்போது ஏழேகால் மணி.

காத்திருந்த நேரத்தில் பெரும்பாறைச் சிற்பத்தின் முன் நின்றோம். அருச்சுனன் தபசு என்பர் சிலர். கங்கை இறங்கிய காட்சி என்பர் சிலர். பல்லவர் காலத்துச் சிற்பிகள் அங்கே விலா எலும்பு தெரிய, ஒற்றைக்காலில் நின்று, கைகளை உயர்த்தித் தவம் புரியும் ஒருவரைச் செதுக்கியிருக்கின்றனர். சற்றுத் தள்ளிப் பெரிய யானையின் அருகே, ஒரு பூனையும் அதே கோலத்தில் கைதூக்கி நிற்கிறது. அதன் காலடியில் எலிகள். 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இத்தலத்தில், தவத்தைப் போற்றிய கையே தவக்கோலத்தையும் எள்ளியிருப்பது எண்ணி எண்ணி வியக்கத் தக்கது.

சொன்னபடி எட்டு மணிக்கு வந்தான் பிள்ளை. 1808இல் ஜான் டி மாண்டி கட்டிய கோவளம் கார்மேல் அன்னை ஆலயத்தைத் தொட்டுத் திரும்பியிருந்தான். முகம் வெளுத்திருந்தது. பழத்தை நீட்டினோம். "வீட்டில் போய்ச் சாப்பிடுகிறேன்" என்று முன்னே சென்றான்.

மேற்கு நோக்கித் திரும்பியதும் உண்மை விளங்கிற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். விடியலில் நம் முதுகைத் தள்ளிக்கொண்டு வந்த அதே மேல்காற்று, வெயில் ஏற ஏற வலுத்து, இப்போது மார்பில் மோதியது. எதிர்க்கும் காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் தடை நான்கு மடங்காகும் என்பது விஞ்ஞானம். காலையில் கால் பறக்கவில்லை. காற்றுத்தான் சுமந்து வந்திருக்கிறது. வரும்போது அதற்கு ஒரு நன்றியும் சொல்லவில்லை. போகும்போது மட்டும் வைதோம்.

ஐந்தாறு கிலோமீட்டர் போயிருப்போம். புளியமரத்தடியில் வண்டியைச் சாய்த்துவிட்டுப் பிள்ளை உட்கார்ந்திருந்தான். கை நடுங்கியது, குளிர்ந்த வியர்வை. கேட்ட கேள்விக்கு விடை சொல்லத் தடுமாறினான். அந்தத் தாயின் முகம் நம் கண்முன் வந்து நின்றது. ஒரு கணம் நமக்கும் கால் நடுங்கிற்று.

ஈரலிலும் தசைகளிலும் உடல் சேர்த்து வைக்கும் சர்க்கரை, கடும் உழைப்பில் சில மணி நேரத்திற்குள் தீர்ந்துபோகும். அதனால்தான் நெடுந்தொலைவு செல்பவர் பசிக்குமுன்பே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்தாவது உட்கொள்ள வேண்டும் என்பர். ஒரு வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் உண்டு. முந்தின இரவுச் சாப்பாட்டோடு மூன்று மணி நேரம் மிதித்தவனுக்கு என்ன மிஞ்சும்? பழமும் மிட்டாயும் ஊட்டி, உப்பிட்ட தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடிக்கச் செய்தோம். அரைமணியில் முகத்தில் களை வந்தது.

"தம்பி, பேருந்தில் ஏற்றி விடட்டுமா?" என்றோம். மாட்டேன் என்றான். "அப்படியானால் என் சக்கரத்தை ஒட்டி வா. நான் முன்னே போகிறேன்."

அவன் தயங்கினான். அவன் போகும் போட்டியில் முன் செல்பவருக்கு 12 மீட்டர் பின்னே இடைவெளி விட்டு வரவேண்டுமாம். பிறர் முதுகின் மறைவில் ஒதுங்கிக் காற்றிலிருந்து தப்புவது குற்றம், தண்டனையும் உண்டு. "அது போட்டிக்குத் தம்பி. இது வீட்டுக்குப் போகிற வழி" என்றோம். சிரித்துவிட்டுப் பின்தொடர்ந்தான்.

நடையை விடச் சற்றே விரைவாக அந்த வழியைக் கடந்தோம். தலையைத் தாழ்த்தி நாம் மிதிக்க, நம் நிழலில் அவன் வந்தான். திருக்கழுக்குன்றத்தில் இட்டலிக் கடை வந்ததும் அவனே முதலில் இறங்கினான். ஆறு இட்டலி உண்டான். அதன்பின் செங்கற்பட்டு வரை அவன் முன்னே சென்றான். நாம் அவன் முதுகுக்குப் பின்னே ஒதுங்கிக்கொண்டோம். நமக்கும் அது வேண்டியிருந்தது.

வாசலில் காத்திருந்த தாயிடம் நாம் எதையும் கூறவில்லை. அவனே எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னான். இப்போது அவன் சட்டையின் பின்பைகளில் சனிக்கிழமை தோறும் வாழைப்பழங்கள் பிதுங்குகின்றன.

ஒவ்வொரு குடும்பத்திலும் எளிதாய்க் கழிந்த ஆண்டுகள் சில இருக்கும். அவற்றை நம் திறமை என்று எழுதிக்கொள்ளுமுன், அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் வீசியது என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வது நல்லது.