75 அடி

நேற்று மாலை கவுண்டி அலுவலகத்தில் எங்கள் மனுமீது விசாரணை. இங்கே விஸ்கான்சினில் ஏரிக்கரையில் வீடு கட்ட, தண்ணீர் வழக்கமாக ஏறி நிற்கும் கோட்டிலிருந்து பொதுவாக 75 அடி தள்ளியிருக்க வேண்டும். எங்கள் மனை குறுகலானது, பின்னால் மேடு. அதனால் 60 அடிக்கு விதிவிலக்கு கேட்டிருந்தோம்.

அது சும்மா கிடைக்காது. சிக்கல் மனையின் அமைப்பால் வந்ததா, நம் ஆசையால் வந்ததா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். பொதுநலனுக்கும் கேடு வரக் கூடாது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் எழுந்தார். சண்டைக்கு வரவில்லை. "நான் சிறுவனாக இருந்தபோது இடுப்பளவு தண்ணீரில் நின்றால் கால்விரல் தெரியும்" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. கூரையிலும் கான்கிரீட்டிலும் விழும் மழை மண்ணில் இறங்காது. உரத்தையும் மண்ணையும் அள்ளிக்கொண்டு ஏரிக்குள் ஓடும். அவற்றிலுள்ள பாஸ்பரஸைத் தின்றுதான் கோடையில் பாசி பச்சைப் போர்வையாகப் படர்கிறது. கரையிலிருந்து 35 அடிக்குள் உள்ள செடிகொடிகளைப் பொதுவாக வெட்டக் கூடாது என்ற விதியும் அதனால்தான்.

இரவு வரைபடத்தை விரித்தோம். ஓர் அறையையும் அகலமான திண்ணையையும் எடுத்தால் 75 அடி விட்டே கட்டலாம். மனைவி பென்சிலால் கோடு போட்டாள். காலையில் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம்.

ஆரஞ்சு ரிப்பன் கட்டிய முளைக்குச்சிகளை நானே பிடுங்கிப் பின்னால் நட்டேன். ஏரியைப் பார்த்து வாழ வந்தவர்கள் நாங்கள். அது தெளிவாக இருந்தால்தானே அந்த வாழ்வுக்கு அர்த்தம்?