மாப்பிள்ளை எந்த ஊர்க்காரர்?



கடற்கரை ஊர்களில் வாழும் நம் குடும்பங்களுக்கு இலங்கைச் சம்பந்தம் புதிதன்று. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மணமகன் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வது வழிவழியான வழக்கம். அதனால் கொழும்பிலிருந்து வரும் மாப்பிள்ளையையும் அந்நியராக எவரும் எண்ணுவதில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். மூத்த சகோதரியின் மகளை இலங்கையில் உள்ள ஒரு குடும்பத்தில் நிகாஹ் செய்து கொடுத்தோம். மாப்பிள்ளைக்கு அங்கே வியாபாரம். மகள் எங்களோடு இருக்கிறாள். ஆண்டுக்கு இருமுறை அவர் வந்து போவார்.

சென்ற முறை அவர் வந்த ஒன்பதாம் நாள், அஸர் தொழுகைக்குப் பிறகு, காவல்துறையைச் சேர்ந்த ஒருவர் வாசலில் வந்து நின்றார். “உங்கள் வீட்டில் வெளிநாட்டவர் யாராவது தங்கியிருக்கிறாரா?” என்று கேட்டார். சகோதரி சற்றும் தயங்காமல், “வெளிநாட்டவர் யாரும் இல்லையே, எங்கள் மாப்பிள்ளைதான் வந்திருக்கிறார்” என்று பதில் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் மனத்தில் இருந்ததையே சொன்னார். வந்தவர் கடவுச்சீட்டைப் பார்த்தார். ‘படிவம் சி’ கொடுத்ததற்கான ஒப்புகை எங்கே என்று கேட்டார். அப்படியொரு படிவம் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. மறுநாள் காலை ஆவணங்களுடன் நிலையத்துக்கு வரும்படி கூறிச் சென்றார்.

அன்றிரவு வீட்டில் எவரும் உறங்கவில்லை. திருப்பி அனுப்பிவிடுவார்களோ, இனி விசாவே கிடைக்காதோ என்று மகள் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நம் வீடு என்பதால்தான் இந்த விசாரணை என்று ஒருவர் சினந்தார். எங்கள் உள்ளமும் பாதி அவர் பக்கமே சாய்ந்தது. உறவினர் ஒருவர் வழி சொன்னார்: “திருச்சியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்துவிட்டு நேற்றுத்தான் இங்கே வந்தார் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?”

ஒப்புக்கொள்ள எளிய யோசனைதான். ஆனால் மதரஸாவில் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு நாங்கள் நடத்தும் பாடம் அவ்வேளையில் எங்களையே கேள்வி கேட்டது. ஹுதைஃபா (ரலி) அவர்களும் அவர்களுடைய தந்தையும் மதீனா நோக்கி வரும் வழியில் குறைஷிகளால் தடுத்து நிறுத்தப்பட்டார்கள். மதீனா செல்வோம், ஆனால் போரில் சேரமாட்டோம் என்று வாக்களித்த பின்னரே விடுவிக்கப்பட்டார்கள். பத்ருக் களத்தில் ஒவ்வோர் ஆளும் தேவைப்பட்ட அந்த நேரத்திலும், கொடுத்த வாக்கைக் காக்கும்படியே நபி (ஸல்) அவர்கள் அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். பகைவருக்கு, அதுவும் நெருக்கடியில் கொடுத்த வாக்குக்கே அந்த மதிப்பு என்றால், நாமே விண்ணப்பித்து வாங்கிய விசாவுக்கு என்ன மதிப்பு? நம் ஃபிக்ஹு நூல்கள் இதனை ‘அமான்’ என்ற பெயரில் பேசுகின்றன. பாதுகாப்பு வாக்குறுதி பெற்று ஒரு நாட்டினுள் நுழைந்தவர் அந்நாட்டாருக்குத் துரோகம் செய்யலாகாது என்பது அறிஞர்களின் முடிவு.

மாப்பிள்ளையே பேச்சை முடித்துவைத்தார். “மாமா, உள்ளதைச் சொல்லுவோம். போகச் சொன்னால் போகிறேன். பொய் எழுதிவிட்டு ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டு வர என்னால் முடியாது.”

காலையில் நிலையத்தில் எங்களுக்கு முன்னே ஒரு கிராமத்துப் பெரியவர் அமர்ந்திருந்தார். நெற்றியில் திருநீறு, கையில் வெளிநாட்டு மருமகளின் கடவுச்சீட்டு நகல். அவரும் அதே படிவம் குறித்துக் கேட்கத்தான் வந்திருந்தார். எங்கள் வீட்டை மட்டும் குறிவைத்துக் கேட்கிறார்கள் என்ற இரவு நினைப்பு அவரைக் கண்டதும் தளர்ந்தது. கெடுபிடி எங்கும் இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் இவ்விஷயத்தில் பிழை எங்களுடையது. வந்த தேதியை உள்ளபடியே சொன்னோம். தாமதத்துக்கு விளக்கக் கடிதம் வாங்கிக்கொண்டு, படிவத்தை இணையத்தில் பதியச் செய்து, எச்சரித்து அனுப்பினார்கள். அல்ஹம்துலில்லாஹ், மாப்பிள்ளை குறித்த நாள்வரை எங்களோடு இருந்தார்.

எங்களைப் போல் வேறொரு குடும்பம் தவிக்கக் கூடாது என்பதற்காகச் சிலவற்றைச் சொல்கிறோம். வெளிநாட்டவர் ஒருவரைத் தங்கவைப்பவர், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். இது விடுதிக்கு மட்டுமன்று, வீட்டுக்கும் உரியது; கடமையும் விருந்தினருடையதன்று, வீட்டாருடையது. அவர் மற்றோர் உறவினர் வீட்டுக்குத் தங்கச் சென்றால் அவ்வீட்டாரும் தெரிவிக்க வேண்டும். 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டத்தின் இடத்தில் 2025இல் புதிய சட்டம் வந்துவிட்டது, இக்கடமை மாறவில்லை. 180 நாட்களுக்கு மேல் தங்கும் விசாவில் வருபவர், தாமே 14 நாட்களுக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும். சென்னையில் அதற்கென வெளிநாட்டவர் மண்டலப் பதிவு அலுவலகம் உண்டு. மாவட்டங்களில் காவல் கண்காணிப்பாளர் அப்பொறுப்பில் இருக்கிறார்.

இன்னொன்று. பள்ளிவாசல் நிகாஹ் பதிவேட்டோடு நின்றுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எம்மதத்தாரும் திருமணத்தை அரசிடம் பதிவு செய்தல் கட்டாயம். அவ்வாறு பதிவான திருமணம் இரண்டாண்டுகள் தொடர்ந்து நிலைத்திருந்தால், இந்தியரின் வெளிநாட்டுத் துணைவர் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அட்டை கிடைத்தவருக்கு எத்தனை காலம் தங்கினாலும் அந்தப் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்யும் கடமை இல்லை. பாகிஸ்தான், வங்கதேச வழியினருக்கு மட்டும் இவ்வாய்ப்பு இல்லை.

பயணியை நாள் கணக்கால் அளப்பது நமக்குப் புதிதா? வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் தங்க எண்ணினால் கஸ்ரு இல்லை என்கிறது ஷாஃபிஈ மத்ஹபு. ஹனஃபீ மத்ஹபில் அது 15 நாட்கள். அந்த மத்ஹபில் ஓர் அழகிய சட்டமும் உண்டு: ஒருவர் மணமுடித்து மனைவி வாழும் ஊர், அவருக்குச் சொந்த ஊராகவே கணக்கிடப்படும், அங்கே அவர் தொழுகையைச் சுருக்குவதில்லை. சகோதரி வாசலில் நின்று சொன்னதும் ஏறக்குறைய அதுதான்.

தொழுகை விரிப்பில் அவர் உள்ளூர்க்காரர். அரசின் ஏட்டில் வெளிநாட்டவர். இரண்டும் உண்மையே. அந்த ஏட்டில் பெயரை எழுதுவதால் உறவு குறைந்துவிடுவதில்லை. இப்போது மாப்பிள்ளை வரும் நாளில், சகோதரி அடுப்பில் நெய்ச்சோற்றுக்கு உலை வைக்கும்போதே நாங்கள் படிவத்தைப் பதிந்துவிடுகிறோம். அதுவும் விருந்தோம்பலில் சேர்ந்தது என்றே கருதுகிறோம்.

கடல் கடந்து பிரிந்து வாழும் குடும்பங்களை அல்லாஹ் நலமாகச் சேர்த்துவைப்பானாக! நம் நாவையும் எழுத்தையும் உண்மையில் நிலைநிறுத்துவானாக! ஆமீன்.