வீட்டை வரையிறது யாரு?

பதுளைப் பக்கத் தோட்டங்கள்ல வீடு கட்டத் தெரிஞ்சவங்களுக்குக் குறைவே இல்ல. மேசன் இருக்காங்க, தச்சர் இருக்காங்க, கொழும்பு மாடிக் கட்டடங்கள்ல கம்பி கட்டுறவங்களும் இருக்காங்க. ஆனா அந்தக் கட்டடத்தோட வரைபடத்தைக் கீறுற ஒருத்தரை எங்க லயத்துல யாரும் பார்த்ததில்ல.

தங்கச்சி சாதாரண தரம் எழுதிட்டு வீட்ல இருக்கா. ஆர்க்கிடெக்டா வரணுமாம். "படம் கீறுறதுக்கு எதுக்கும்மா கெம்பஸ்?"னு அப்பா கேட்டார். நான் கலைப்பீடம், எனக்கும் பதில் தெரியல. தேடிப் படிச்சேன். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்துல இந்தப் படிப்புக்கு உயர்தரப் பெறுபேறு மட்டும் போதாது, உளச்சார்புப் பரீட்சையும் எழுதணும். படிப்பு ஆங்கிலத்துல. பட்டம் வாங்கின பிறகும் அனுபவமுள்ளவங்ககிட்ட வேலை பழகி, தொழில்சார் பரீட்சை முடிச்சாத்தான் பட்டயக் கட்டடக் கலைஞர். இத்தனை படி இருக்குன்னு சொல்லித் தரவே எங்க பக்கம் ஆள் இல்ல.

தேடும்போதுதான் மினெட் டி சில்வாவைப் பத்தி வாசிச்சேன். 1918ல கண்டியில பிறந்தவங்க. பம்பாயிலயும் லண்டன்லயும் படிச்சு, 1948ல பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவகத்தின் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண். பிறகு கண்டி வட்டபுலுவையில அரச ஊழியர்களுக்கு வீட்டுத்திட்டம் வரைஞ்சப்போ, குடிவரப் போறவங்ககிட்ட வினாக்கொத்து கொடுத்து, எப்படி வாழுறீங்க, என்ன வேணும்னு முதல்ல கேட்டிருக்காங்க.

எனக்கு அந்த இடம்தான் முக்கியம். 2014 ஒக்டோபர் 29 கொஸ்லந்தை மீரியபெத்த மண்சரிவு லயங்களை மூடினதுக்குப் பிறகு, மலைச்சரிவுல எங்க, எப்படி வீடு கட்டணும்ங்கிறது எங்களுக்கு உயிர்ப் பிரச்சினை. இப்ப மலையகத்துல சுமார் 550 சதுர அடியில தனி வீடு கட்டுறாங்க. பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவுல வளர்ந்தவங்களுக்கு அது பெரிய விஷயம்தான். ஆனா நனைஞ்ச படங்கை எங்க காயப் போடுறது, விறகை எங்க அடுக்குறது, இஸ்தோப்பு இல்லாம அக்கம்பக்கம் எங்க உக்காந்து பேசுறதுன்னு அம்மாவைக் கேட்டா ஒரு மணிநேரம் சொல்லுவாங்க. அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிஞ்ச ஆள் எங்களுக்குள்ள இருந்தும் வரணும்.

மினெட் அரசியல்வாதி ஒருத்தரோட மகள். வெளிநாடு போய்ப் படிக்க அவங்களுக்கு வழி இருந்துச்சு. எங்க பிள்ளைகளுக்கு முதல்ல வழி காட்ட ஒருத்தர் வேணும். கட்டடக்கலை படிக்கிறவங்க யாராவது இதை வாசிச்சா, உங்க பழைய பள்ளிக்கூடத்துக்கு ஒருநாள் போங்க. உளச்சார்புப் பரீட்சைக்கு என்ன பழகினீங்க, முதல் வருசம் ஆங்கிலத்தை எப்படிச் சமாளிச்சீங்கன்னு சொல்லுங்க. தங்கச்சி மாதிரிப் பிள்ளைகள் பாடப்பிரிவு தெரிவு செய்ய முன்னாடி போனீங்கன்னா இன்னும் நல்லது.